கொசு பரப்பும் வைரஸ்களும் எதிர்ப்பொருள் தரும் காப்பும்: விலங்கு ஆய்வுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் தொடங்கி டெங்குவும் சிக்குன்குனியாவும் பேசப்படும்போதெல்லாம், எதிர்ப்பொருள் செலுத்தப்பட்ட சுண்டெலிகள் பிழைத்தன என்றோ, தடுப்பூசி பெற்ற குரங்குகளின் இரத்தத்தில் வைரஸ் காணப்படவில்லை என்றோ செய்திகள் வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு மருந்தே வந்துவிட்டதாக நம்புவோரும் உண்டு. எலிக்கு நேர்ந்ததால் நமக்கென்ன என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டுமே தவறு என்பதால், வாசகர்கள் பெரும்பாலும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

எதிர்ப்பொருள் என்பது என்ன? கொசு பரப்பும் வைரஸை அது எவ்வாறு தடுக்கிறது?

ஆன்டிபாடி என்று மருத்துவர்கள் சொல்வதையே தமிழகப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்றும் இலங்கைப் பாடநூல்கள் பிறபொருளெதிரி என்றும் வழங்குகின்றன. இது இரத்த வெள்ளணுக்களுள் ஒருவகையான பி செல்கள் சுரக்கும் ஒரு புரதம். கவட்டைக் கம்பு போன்ற வடிவம் கொண்டது. கவட்டையின் இரு முனைகளும் வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அவ்வாறு பற்றப்பட்ட வைரஸால் செல்லின்மேல் ஒட்ட முடியாமல் போகலாம், அல்லது ஒட்டி உள்ளே சென்றபின்னும் செல்லின் சவ்வோடு கலந்து தன் மரபுப்பொருளை வெளியேற்ற முடியாமல் போகலாம். கவட்டையின் கைப்பிடி போன்ற வால்பகுதிக்குத் தனி வேலை இருக்கிறது: விழுங்கு செல்களை அழைத்து, பற்றியதை அவற்றிடம் ஒப்படைப்பது அது. டெங்குவைப் பற்றிப் பேசும்போது இந்த வால்பகுதி மீண்டும் வரும் என்பதால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கொசு கடித்த இடத்திலிருந்து மூட்டுக்கோ மூளைக்கோ கல்லீரலுக்கோ செல்ல வேண்டுமானால், வைரஸ் பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகவே பயணப்பட்டாக வேண்டும். எதிர்ப்பொருளும் இரத்தத்திலேயே இருக்கிறது. ஆகவே, இந்த நோய்களைப் பொறுத்தவரை எதிர்ப்பொருள் வழிமறிக்கும் காவலாக அமைந்துவிடுகிறது.

காப்பைத் தருவது எதிர்ப்பொருள்தான், வேறொன்றும் அல்ல என்று எப்படி உறுதிசெய்கிறார்கள்?

தடுப்பூசி போட்ட உடலில் எதிர்ப்பொருள் மட்டும் உண்டாவதில்லை. தொற்றிய செல்களைத் தாக்கும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களும் விழித்துக்கொள்கின்றன, வேறு பல மாற்றங்களும் நிகழ்கின்றன. எனவே, நோயிலிருந்து மீண்ட அல்லது தடுப்பூசி பெற்ற ஒருவரின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, மட்டும் எடுத்து, அந்த வைரஸை முன்பின் அறியாத விலங்கினுள் செலுத்தி, அதன்பின் வைரஸைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். செல்கள் நீக்கப்பட்ட சீரத்தில் முதன்மையாக இருப்பது எதிர்ப்பொருள் என்பதால், விலங்கு பிழைத்தால் அதற்கான பெருமை அதையே சாரும். இரவல் காப்பு என்று இதைச் சொல்லலாம்.

இந்த முறையின் வேர் மஞ்சள் காய்ச்சல் ஆய்வில் இருக்கிறது. 1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அசிபி என்பவரின் இரத்தத்திலிருந்து அந்த வைரஸ் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டபோது, நோயை ஏற்றுக்கொண்டது ஆப்பிரிக்கக் குரங்கு அன்று, இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ரீசஸ் குரங்கு. அந்த ஆய்வில் ஈடுபட்ட ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டில் அதே நோய்க்குப் பலியானார். 1930-இல் மேக்ஸ் டைலர் சாதாரண வெள்ளைச் சுண்டெலியின் மூளையில் வைரஸை வளர்க்க முடியும் என்று காட்டிய பிறகு, விலையுயர்ந்த குரங்குகளின் இடத்தை எலிகள் பிடித்தன. 1931-இல் சாயரும் லாய்டும் வகுத்த சோதனையில், மனிதரின் சீரத்தையும் வைரஸையும் சுண்டெலியின் வயிற்றுக்குள் செலுத்தினார்கள்; எலி பிழைத்தால் அந்த மனிதருக்கு எப்போதோ மஞ்சள் காய்ச்சல் வந்துபோயிருக்கிறது என்று பொருள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அந்நோய் எங்கெல்லாம் பரவியிருந்தது என்ற வரைபடங்கள் இவ்வாறு எலிகளைக் கொண்டே வரையப்பட்டன. எதிர்ப்பொருளின் இருப்பை ஓர் உயிரின் பிழைப்பைக் கொண்டு அளந்த காலம் அது.

சுண்டெலிக்கு டெங்கு வருமா?

சாதாரணச் சுண்டெலிக்கு நமக்கு வருவதுபோல் வராது. நம் செல்லுக்குள் நுழையும் டெங்கு வைரஸ், இன்டர்ஃபெரான் என்னும் அபாய அறிவிப்பைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் ஸ்டாட்2 என்ற புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. எலியின் ஸ்டாட்2 அதற்குச் சிக்குவதில்லை. சிகா வைரஸுக்கும் இதே தடை உண்டு. ஆகவே, இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பிகளே இல்லாதபடி மரபணு மாற்றப்பட்ட ஏஜி129 போன்ற சுண்டெலிகளில்தான் பெரும்பாலான டெங்கு ஆய்வுகள் நடக்கின்றன. இவை அபாயமணி கழற்றப்பட்ட வீடுகள். அங்கே எதிர்ப்பொருள் வென்றது என்றால், வேறு துணையின்றித் தனியாக வென்றது என்று மகிழலாம். தோற்றது என்றால், மணி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியாது.

குரங்கின் குறை வேறு வகையானது. அதன் இரத்தத்தில் டெங்கு வைரஸ் பெருகும், ஆனால் பெரும்பாலும் நோய் தெரியாது. எனவே, குரங்கு பாதுகாக்கப்பட்டது என்று ஓர் ஆய்வு கூறும்போது, இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்பதே அதன் பொருள். அதிர்ச்சிநிலையோ இரத்தக்கசிவோ தடுக்கப்பட்டது என்று அது காட்டுவதில்லை. மேற்கு நைல் வைரஸும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் சாதாரணச் சுண்டெலியையே கொல்லக்கூடியவை என்பதால், அவ்விரண்டிலும் எலி ஆய்வு சற்று நேர்மையான சாட்சி.

ஆய்வுகளில் வரும் 1:10, 1:150 போன்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றோடும் ஒரே அளவு வைரஸைக் கலந்து, தட்டில் வளரும் செல்களின்மேல் ஊற்றுகிறார்கள். வைரஸ் தாக்கிய இடங்களில் செல்கள் செத்துத் தெளிந்த புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கும் மிக நீர்த்த நிலை எதுவோ அதுவே அந்தச் சீரத்தின் எண். 1:10 என்றால் பத்து மடங்கு நீர்த்தபின்னும் பாதி வைரஸை முடக்குகிறது என்று பொருள். வலப்பக்க எண் பெரிதாகப் பெரிதாகச் சீரம் வலிமை மிக்கது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு 1:10 என்பதையே காப்பின் எல்லையாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூரில். வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் இந்நோய்க்கான எல்லை எண், சீரம் மாற்றப்பட்ட விலங்குகள் எந்த அளவில் பிழைத்தன என்ற சான்றின் துணையோடு அமைந்தது. பின்னாளில் வந்த, வெரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்களில் தயாரித்த செயலிழந்த தடுப்பூசி, ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் நோய் வருகிறதா என்று காத்திருந்து பார்க்காமல், இந்த அளவை எட்டுவதைக் கொண்டே 2009-இல் உரிமம் பெற்றது. மஞ்சள் காய்ச்சலிலும், தடுப்பூசியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் குரங்குகளுக்குப் போட்டு 1973-இல் வெளியான ஆய்வே அதன் காப்பெல்லைக்கு அடிப்படை.

ஒரு எச்சரிக்கை. ஓர் ஆய்வகத்தின் 1:10-ஐயும் இன்னோர் ஆய்வகத்தின் 1:10-ஐயும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. செல் வகை, வைரஸ் வகை, பாதி குறைவா எண்பது விழுக்காடு குறைவா என்ற அளவுகோல் எல்லாம் எண்ணை மாற்றும்.

சிக்குன்குனியா தடுப்பூசிகள் விலங்கு ஆய்வை நம்பி அனுமதிக்கப்பட்டன என்பது உண்மையா?

பெருமளவு உண்மை. அதற்கான காரணத்தை நம் நாட்டு அனுபவமே சொல்லும். 1960-களில் கொல்கத்தாவிலும் சென்னையிலும் பரவிய சிக்குன்குனியா, பிறகு பல்லாண்டுகள் மறைந்திருந்து, 2006-இல் இந்தியாவில் ஏறத்தாழ 13.9 லட்சம் பேரைப் பாதித்ததாக ஐயுறப்பட்டது. எங்கே எப்போது வெடிக்கும் என்று தெரியாத நோய்க்கு, தன்னார்வலர்களைத் திரட்டித் தடுப்பூசி போட்டுக் காத்திருக்கும் கள ஆய்வை எந்த ஊரில் நடத்துவது? திட்டமிட்டு முடிப்பதற்குள் அலை ஓய்ந்துவிடும்.

ஆகவே, ஆய்வு விலங்கின் பக்கம் திரும்பியது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவில் நோயிலிருந்து மீண்டவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள் புரதம்), சுண்டெலிகளையும் எலிக்குஞ்சுகளையும் காப்பதை 2009-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மறு ஆண்டு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தினர், வைரஸின் மேலோட்டை மட்டும் கொண்ட, உள்ளே மரபுப்பொருள் ஏதுமற்ற துகள்களை ரீசஸ் குரங்குகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள். குரங்குகள் வைரஸிலிருந்து தப்பியதோடு, அவற்றின் எதிர்ப்பொருளைப் பெற்ற, இன்டர்ஃபெரான் ஏற்பியற்ற சுண்டெலிகளும் சாவிலிருந்து தப்பின. குரங்கின் காப்பை எலிக்கு இரவல் கொடுத்த அந்தச் சோதனையை இத்துறையின் மிகத் தெளிவான சோதனைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். அந்தத் துகள் தடுப்பூசியே வளர்ந்து, 2025 பிப்ரவரியில் விம்குன்யா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதற்கு முன்பே, 2023 நவம்பரில், வலுக்குறைக்கப்பட்ட உயிர் வைரஸைக் கொண்ட இக்ஸ்சிக் என்ற தடுப்பூசிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் துரித அனுமதி அளித்திருந்தது. தடுப்பூசி பெற்ற மனிதரின் சீரத்தை நண்டுண்ணிக் குரங்குகளுக்குச் செலுத்தி, பிறகு உண்மையான வைரஸைக் கொடுத்து, எந்த அளவு எதிர்ப்பொருள் இருந்தால் குரங்கு தப்புகிறது என்று கணித்தார்கள். அங்கிருந்து 1:150 என்ற எல்லை எடுக்கப்பட்டது. தடுப்பூசி பெற்றவர்களுள் 98.9 விழுக்காட்டினர் 28 நாட்களில் அதை எட்டினார்கள்.

எண் பொய்யாகவில்லை. ஆனால் 2025-இல் ரெயூனியனில் சிக்குன்குனியா மீண்டும் பரவி, முதியவர்களுக்கு இந்தத் தடுப்பூசி போடப்பட்டபோது, கடுமையான பக்கவிளைவுகளும் மரணமும் பதிவாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. இந்தக் குரங்குச் சோதனை இதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: அந்தச் சோதனையில் குரங்கினுள் சென்றது சீரம் மட்டுமே, தடுப்பூசியின் உயிர் வைரஸ் அன்று. எதிர்ப்பொருள் காக்குமா என்ற கேள்விக்கு அது சரியான விடையைத் தந்தது. எண்பது வயதுக்காரரின் உடலில் வலுக்குறைந்த வைரஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி. காப்பின் எண்ணைப் பாதுகாப்பின் எண்ணாக வாசித்துவிடுவது இத்துறையில் மிக எளிதாக நேரும் பிழை.

நோய் தொற்றிய பிறகு எதிர்ப்பொருளைச் செலுத்தினால் பயன் உண்டா?

விலங்குகளில் உண்டு, காலம் தாழாதவரை. 2005-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டயமண்டின் ஆய்வுக்குழு வெளியிட்ட இ16 என்ற எதிர்ப்பொருள், மேற்கு நைல் வைரஸ் தொற்றி ஐந்து நாட்களாகி, வைரஸ் மூளையை அடைந்துவிட்ட சுண்டெலிகளைக்கூட ஒற்றைத் தவணையில் காத்தது. மூளைக்குள் எதிர்ப்பொருள் எளிதில் புக முடியாது என்பதால் அது வியப்புக்குரிய முடிவு. மனிதருக்கேற்ப மாற்றப்பட்ட அதன் வடிவம் மருத்துவச் சோதனைக்குச் சென்றபோது, போதிய நோயாளிகள் சேராமல் சோதனை இடையிலேயே நின்றது. எலியில் தொற்று நேர்ந்த நாளும் நேரமும் ஆய்வாளருக்குத் தெரியும். மனிதரோ காய்ச்சல் கண்டு, குழம்பி, பரிசோதித்து, மருத்துவமனை சேர்வதற்குள் அந்த ஐந்து நாட்கள் கடந்திருக்கும்.

சிக்குன்குனியாவில் இன்னொன்று தெரியவந்தது: ஒரே எதிர்ப்பொருளைத் தனியாகக் கொடுத்தால் அதற்குப் பிடிபடாத வைரஸ் திரிபுகள் முளைத்தன, இரண்டைச் சேர்த்துக் கொடுத்தபோது அது கட்டுக்குள் வந்தது.

டெங்குவில் எதிர்ப்பொருளே நோயைக் கூட்டும் என்கிறார்களே, அது எப்படி?

இப்பக்கத்தின் மிகக் கடினமான கேள்வி இது. டெங்குவில் நான்கு வகைகள் உள்ளன. முதல் வகையின் தொற்றால் உண்டான எதிர்ப்பொருள், இரண்டாம் வகை வைரஸைப் பற்றும்; ஆனால் முடக்கும் அளவுக்குப் பற்றாது. அப்போதுதான் வால்பகுதி வினையாகிறது. விழுங்கு செல்கள் அந்த வாலைப் பிடித்து, எதிர்ப்பொருளோடு சேர்த்து உயிருள்ள வைரஸையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. டெங்கு வைரஸ் பெருகும் இடமே அந்த விழுங்கு செல்கள்தான். காவலாளியே திருடனை வீட்டுக்குள் கூட்டிச் சென்ற கதை இது.

பாங்காக் குழந்தைகளிடம் இரண்டாம் முறைத் தொற்று கடுமையாவதைக் கண்ட ஸ்காட் ஹால்ஸ்டெட், 1979-இல் இதை ரீசஸ் குரங்குகளில் சோதித்து வெளியிட்டார். டெங்கு எதிர்ப்பொருள் கொண்ட மனிதத் தொப்புள்கொடிச் சீரத்தைச் சிறிதளவு செலுத்தி வைரஸ் கொடுத்தபோது, அக்குரங்குகளின் இரத்தத்தில் வைரஸ் அளவு, சீரம் பெறாத குரங்குகளைவிடச் சில மடங்கு முதல் சுமார் 50 மடங்கு வரை கூடியிருந்தது. 2010-இல் ஏஜி129 சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் மேலும் சென்றன: தனியாகக் கொல்லாத அளவு வைரஸ், சிறிதளவு எதிர்ப்பொருள் சேர்ந்ததும் எலிகளைக் கொன்றது. அதே எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தபோது காத்தது. காப்பதும் கெடுப்பதும் ஒரே பொருளின் அளவைப் பொறுத்தது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

விலங்கில் கண்டது மனிதரிலும் உண்மை என்பதை, நிகரகுவா நாட்டுக் குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது: எதிர்ப்பொருள் மிகுந்தவர்களும் அறவே இல்லாதவர்களும் அல்ல, 1:21 முதல் 1:80 வரையிலான இடைநிலையில் இருந்தவர்களே கடுமையான டெங்குவுக்கு மிக ஆளானார்கள், அவர்களின் ஆபத்து 7 மடங்குக்கு மேல்.

இந்த அறிவு இருந்தும் டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசியின் விவகாரம் நேர்ந்தது என்பதே வருத்தத்துக்குரியது. தாய்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான அதன் சோதனையில், இரண்டாம் வகைக்கு எதிராக எதிர்ப்பொருள் அளவிடத்தக்க வகையில் இருந்தும் காப்பு கிடைக்கவில்லை. தட்டில் புள்ளிகளைக் குறைத்த எதிர்ப்பொருள் உடலில் காக்கவில்லை. 2016-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பெருந்திட்டமாக அது போடப்பட்டது. முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு அது கடுமையான டெங்குவின் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று 2017 நவம்பரில் அதன் நிறுவனமே அறிவித்தபோது, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் பெற்றுவிட்டிருந்தார்கள்.

அந்த ஆபத்தை நீக்க வழி உண்டா?

வாலை மாற்றுவது ஒரு வழி. விழுங்கு செல்களின் பிடியில் சிக்காதபடி வால்பகுதி திருத்தப்பட்ட எதிர்ப்பொருள்கள், சுண்டெலிகளில் நோயைக் கூட்டாமல் காத்தன. வைரஸின்மீது இல்லாத, தொற்றிய செல்கள் வெளியே விடும் என்எஸ்1 என்ற புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. வைரஸையே தொடாததால் அதை விழுங்கு செல்லுக்குள் இழுத்துச்செல்லும் பேச்சே இல்லை. என்எஸ்1 இரத்தக்குழாய்ச் சுவரைக் கசியச் செய்வதைத் தடுத்து அவை சுண்டெலிகளைக் காத்ததை 2021-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வைரஸை முடக்கும் திறனை மட்டுமே காப்பென்று அளந்துகொண்டிருந்த பழக்கத்தை இவை அசைத்திருக்கின்றன.

தாயின் எதிர்ப்பொருள் குழந்தையைக் காக்குமா, கெடுக்குமா?

இரண்டும் நடக்கும். கருவுற்ற சுண்டெலிகளுக்கு மனிதரிடமிருந்து பெற்ற சிகா எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது, நஞ்சுக்கொடியிலும் கருவிலும் தொற்று வெகுவாகக் குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. டெங்குவிலோ, முதல் வகை தொற்றிய தாய் எலிகளின் குட்டிகள் இரண்டாம் வகைத் தொற்றில் அதிக நோய்ப்பட்டதை 2014-இல் கண்டார்கள். தாய் தந்த எதிர்ப்பொருள் தேய்ந்துவரும் மாதங்களில், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கு முதல் தொற்றிலேயே டெங்கு கடுமையாவதற்கு இது பொருத்தமான விளக்கம்.

ஆய்வகத்தில் ஊசியால் வைரஸ் கொடுப்பதும் கொசு கடிப்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. கொசு தன் உமிழ்நீரையும் சேர்த்தே செலுத்துகிறது. அது கடித்த இடத்துக்கு வைரஸ் விரும்பும் செல்களை வரவழைக்கிறது. ஏடிஸ் கொசு உமிழ்நீரின் ஒரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், கொசு வழியாகச் சிகா தொற்றிய சுண்டெலிகளை ஓரளவு காத்ததை 2019-இல் வெளியிட்டார்கள். ஊசிமுனையில் மட்டும் சோதித்த காப்பை, கொசுவின் முன்னும் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதே நியாயம்.

இந்த ஆய்வுகளால் விலங்குகளுக்கு ஏதேனும் பயன் கிடைத்ததா?

கிடைத்தது. மேற்கு நைல் காய்ச்சலுக்கு மனிதருக்கான தடுப்பூசி இன்றும் இல்லை. குதிரைகளுக்கோ 2001 முதலே அமெரிக்காவில் உண்டு. அழிவின் விளிம்பில் நிற்கும் கலிபோர்னியாக் கழுகுகளுக்கும் 2003-இல் அந்நோய்க்கான தடுப்பூசி போடப்பட்டது.

இத்தனை உயிர்களைப் பயன்படுத்துவது தேவைதானா?

தயங்காமல் ஆம் என்று என்னால் எழுத முடியவில்லை. வைரஸ் மூட்டில் தங்குவதையும் மூளைக்குள் புகுவதையும் எதிர்ப்பொருள் அங்கே என்ன செய்கிறது என்பதையும் தட்டில் வளரும் செல்கள் காட்டா. ஆனால், வேறு வழியில் விடை கிடைக்குமெனில் விலங்கைத் தவிர்ப்பது, தவிர்க்க முடியாதபோது எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது என்று ரஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகளும் கட்டாயம் பின்பற்றப்பட வேண்டியவை. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு இதைக் கண்காணிக்கிறது. ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்வதை இந்தியா 1978-இலேயே நிறுத்திவிட்டது. ஒரு குரங்கின் உயிரைச் செலவிட்டுப் பெற்ற எண்ணை அரைகுறையாக வாசிப்பதும் ஒருவகை வீணடிப்பே.

இரத்தப் பரிசோதனையில் எனக்கு டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இனி எனக்கு டெங்கு வராதா?

அவ்வாறு கொள்ள இயலாது. ஐஜிஜி என்பது எதிர்ப்பொருளின் ஒரு வகை; அது வைரஸைப் பற்றுகிறது என்பதையே அந்தப் பரிசோதனை சொல்கிறது. முடக்குகிறதா என்றோ, நான்கு வகைகளுள் எதை என்றோ அது சொல்வதில்லை. முன்பு வந்த வகையிலிருந்து நீண்டகாலக் காப்பு இருக்கும். மற்ற மூன்றிலிருந்து கிடைப்பது சில மாதங்களுக்கான காப்பே. முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மீண்டும் காய்ச்சல் கண்டால், பழைய தொற்றைப் பற்றி மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். காய்ச்சல் தணியும் நாளிலும் அதை அடுத்த ஓரிரு நாட்களிலும் கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.